நாணயத்தின் ஆட்டமும் நூலாலைகளின் வாட்டமும்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களாகிய நாம், இந்நாட்டு நாணயத்தை 'வெள்ளி' என்றே அழைத்து வருகிறோம். கடையில் அரிசி வாங்கும்போதும், சம்பள நாளில் கணக்குப் பார்க்கும்போதும், ஊருக்குப் பணம் அனுப்பும்போதும் இச்சொல் நம் வாயில் தானாக வருகிறது. இன்று நம் கையில் புரளும் தாளிலும் காசிலும் வெள்ளி உலோகம் ஒரு குன்றிமணி எடைகூடக் கிடையாது. ஆயினும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த காலத்தில் இந்நாட்டு நாணயம் மெய்யாகவே வெள்ளியால் ஆனது என்பதை அப்பெயர் இன்றும் நமக்கு நினைவூட்டுகிறது.

அந்த வெள்ளி நாணயத்தின் வரலாற்றில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரு நாட்டின் நாணய மதிப்பு ஏறியும் இறங்கியும் ஆடுமானால், அந்நாட்டில் புதிதாகத் தோன்றிய யந்திரத் தொழிலும் அதன் வெளிநாட்டு வியாபாரமும் என்ன ஆகும் என்பதே அப்பாடம். பணம் குறைந்த நாடுகள் தொழிலில் முன்னேற முயலும்போதெல்லாம் எழுகின்ற கேள்வி இது. இதைக் கற்பனையாகப் பேசாமல், நடந்த ஒரு வரலாற்றைக் கொண்டே ஆராய விரும்புகிறோம். அது பம்பாய் நூலாலைகளின் வரலாறு. நாணயத்தை 'வெள்ளி' என்றும், உலோகத்தை 'வெள்ளி உலோகம்' என்றும் இக்கட்டுரையில் பிரித்துக் குறிப்போம்.

உலோகத்தின் வீழ்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலக நாடுகள் நாணய முறையில் இருவகைப்பட்டு நின்றன. இங்கிலாந்து பொன்னை அளவுகோலாகக் கொண்டிருந்தது. இந்தியா, சீனம், மலாயா முதலிய கீழ்த்திசை நாடுகளில் வெள்ளி உலோகமே அளவுகோல். பொன்னுக்கும் வெள்ளி உலோகத்துக்கும் உள்ள விலை வேறுபாடு நெடுங்காலமாகப் பெரிதும் மாறாமல் இருந்தமையால், ரூபாய்க்கும் பவுனுக்கும் உள்ள விகிதமும் ஏறக்குறைய நிலையாக இருந்தது. ஓர் அவுன்ஸ் வெள்ளி உலோகம் லண்டன் சந்தையில் சுமார் 60 பென்ஸ் விலை பெற்றது. ஒரு ரூபாய் ஏறக்குறைய 2 ஷில்லிங்குக்கு மாறியது.

1871ஆம் ஆண்டு முதல் இந்நிலை குலைந்தது. ஜெர்மனி பொன் நாணயத்தை மேற்கொண்டு, தன்னிடமிருந்த வெள்ளி உலோகத்தைச் சந்தையில் விற்கத் தொடங்கிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1873இல் வெள்ளி டாலர் அடிப்பதைச் சட்டத்திலிருந்து நீக்கின. பிரான்ஸும் அதன் கூட்டு நாடுகளும் 1874இல் வெள்ளி நாணயம் அடிப்பதற்கு வரம்பு விதித்தன. அதே காலத்தில் அமெரிக்காவின் நெவாடா சுரங்கங்களிலிருந்து வெள்ளி உலோகம் மலைபோல் வந்து குவிந்தது. வாங்குவோர் விலகவும், விற்போர் பெருகவும் விலை சரிந்தது. 1892இல் ஓர் அவுன்ஸ் 40 பென்ஸுக்கும் கீழே போயிற்று. 1894இல் 30 பென்ஸுக்கும் குறைந்தது. 1902ஆம் ஆண்டின் இறுதியில் 22 பென்ஸைத் தொட்டது. ரூபாயும் கூடவே சரிந்து, 1892-93ஆம் ஆண்டில் சுமார் 15 பென்ஸ் அளவில் நின்றது.

ஆனால் இச்சரிவு ஒரே சீராக நிகழவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1890இல் அமெரிக்க அரசாங்கம் மாதந்தோறும் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி உலோகம் வாங்குவதென்று ஒரு சட்டம் செய்தது. செய்தி பரவியதும் விலை குதித்தெழுந்து, அவ்வாண்டு செப்டம்பரில் 54 பென்ஸைக் கடந்தது. ரூபாயும் 1 ஷில்லிங் 9 பென்ஸை நெருங்கியது. இரண்டே ஆண்டுகளில் யாவும் மீண்டும் கீழே விழுந்தன. வாஷிங்டனில் கையெழுத்தான ஒரு சட்டம், பம்பாயில் பஞ்சு வாங்குபவனின் கணக்கையும், ஷாங்காயில் நூல் விற்பவனின் கணக்கையும், பினாங்கில் கூலி வாங்குபவனின் கணக்கையும் ஒருங்கே புரட்டியது. அவர்களில் ஒருவரையேனும் கேட்டு அச்சட்டம் செய்யப்படவில்லை.

பம்பாய் ஆலைகளின் எழுச்சி

பம்பாயில் முதல் நூலாலைக் கம்பெனியை 1854இல் நிறுவியவர் கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர். அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அந்நகரம் புகைபோக்கிகள் நிறைந்த ஆலை நகரமாயிற்று. ஆலைகளில் நின்று உழைத்தவர்களில் பெரும்பாலோர் கொங்கணக் கரையிலிருந்தும், சிறப்பாக இரத்னகிரி மாவட்டத்திலிருந்தும் பிழைக்க வந்த ஏழைக் குடியானவர்கள்.

அவர்கள் நூற்ற நூலின் பெரும்பகுதி இந்தியாவில் விலைபோகவில்லை. கப்பலேறிச் சீனத்துக்குச் சென்றது. சீனத்து நெசவாளர்கள் தங்கள் வீட்டுத் தறிகளில் முரட்டுத் துணி நெய்ய அந்தத் தடித்த நூலை விரும்பி வாங்கினார்கள். 1876-77இல் இந்தியாவிலிருந்து சீனத்துக்கும் ஜப்பானுக்கும் சென்ற நூல் ஏறத்தாழ 80 லட்சம் ராத்தல். 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது 16 கோடி ராத்தலைத் தாண்டிவிட்டது. அதே காலத்தில் இங்கிலாந்திலிருந்து அவ்விரு நாடுகளுக்கும் சென்ற நூலோ அவ்வாறு பெருகவில்லை. உலகுக்கெல்லாம் நூல் விற்ற லங்காஷயர் திகைத்தது. மான்செஸ்டர் வர்த்தகச் சங்கம் 1888இல் இதற்கென்றே ஒரு விசாரணை நடத்தியது.

அவ்விசாரணையில் இரண்டு கட்சிகள் எழுந்தன. வெள்ளி உலோகத்தின் வீழ்ச்சியே பம்பாய்க்குக் கிடைத்த இரகசிய உதவி என்றது ஒரு கட்சி. பஞ்சு விளையும் நிலத்துக்கு அண்மை, சீனத்துக்கு அண்மை, குறைந்த கூலி, நீண்ட வேலைநேரம் ஆகியவையே காரணம் என்றது மற்றொரு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு என்பதே நம் கருத்து. எனினும் இரு கட்சியாரும் போதிய அளவு கவனியாத ஒன்று இருக்கிறது. இந்தியாவும் சீனமும் ஒரே உலோகத்தைப் பயன்படுத்தின. பொன்னுக்கு எதிரே இரண்டு நாணயங்களும் சேர்ந்தே ஆடினவேயன்றி, ஒன்றுக்கொன்று எதிராக அவை அதிகம் ஆடவில்லை. ஒரே படகில் அமர்ந்திருக்கும் இருவர் அலையில் எவ்வளவு உயர்ந்து தாழ்ந்தாலும் அவர்களுக்குள் உள்ள தூரம் மாறுவதில்லை. பம்பாய் வியாபாரி ஷாங்காய் வியாபாரியோடு பேசிய விலை, சரக்கு போய்ச் சேரும்வரை பெரும்பாலும் அப்படியே நின்றது. மான்செஸ்டர் வியாபாரிக்கோ, சரக்குக் கப்பலில் இருக்கும்போதே விலை கரைந்தது.

ஆகவே, பம்பாயின் செல்வத்துக்கு நாணயத்தின் இறக்கம் ஓரளவே காரணம். வாங்குவோன் நாணயத்துக்கும் விற்போன் நாணயத்துக்கும் இடையே இருந்த நிலைபேறே பெரிய காரணம். இதை நாம் அழுத்திச் சொல்கிறோம். ஏனெனில் பின்னால் வந்த துன்பங்களை விளங்கிக்கொள்ள இதுவே திறவுகோல்.

இறக்கத்தின் இலாபம் யாருடையது?

நாணயம் இறங்கினால் ஏற்றுமதி பெருகும், ஏற்றுமதி பெருகினால் நாடு செழிக்கும் என்று சொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மறுபாதியை நாம் சொல்ல வேண்டும்.

பொன் நாட்டில் விற்பவனுக்கு ஒரு பவுனுக்கு முன்பு 10 ரூபாய் கிடைத்தது. நாணயம் இறங்கியபின் 15 ரூபாய் கிடைக்கிறது. அவன் தன் ஆட்களுக்குக் கொடுக்கும் கூலியோ பழைய ரூபாய்க் கணக்கிலேயே நிற்கிறது. இடையில் உள்ள ஐந்து ரூபாய் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து வரவில்லை. கூலியின் மதிப்பு குறைந்தமையால் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் துணி, மண்ணெண்ணெய், இரும்புச் சாமான் முதலியவற்றுக்கு உழைப்பாளி கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது. விலைவாசி ஏறி, கூலியும் ஏறிச் சமனாகும்வரை இந்த இலாபம் நிற்கும், பிறகு மறையும். எனவே இது நாடு தேடிய செல்வமன்று; ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாறிய செல்வம்.

அன்றியும், ஆலைக்கே இது முழு நன்மையாக இல்லை. பம்பாய் ஆலைகளின் யந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. அவற்றின் விலை பவுனில் கொடுக்க வேண்டியது. ரூபாய் இறங்க இறங்க ஒரு புதிய யந்திரத்துக்கு முன்னிலும் அதிக ரூபாய் கொட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. விற்பனையில் வந்த இலாபத்தை யந்திரச் செலவு விழுங்கிற்று. தொழிலைப் பெருக்க வேண்டிய நேரத்தில் பெருக்கும் செலவும் ஏறியது.

இந்திய அரசாங்கத்துக்கும் பெருந்தொல்லை. லண்டனில் கட்ட வேண்டிய வட்டி, ஓய்வூதியம் முதலியவற்றுக்காக அது ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடிப் பவுனுக்கு மேல் அனுப்ப வேண்டியிருந்தது. ரூபாய் இறங்கும் ஒவ்வொரு பென்ஸுக்கும் வரிப்பணத்தில் கோடிக்கணக்கான ரூபாய் கூடுதலாகத் தேவைப்பட்டது. இந்தத் தலைவலியிலிருந்தே அடுத்த நடவடிக்கை பிறந்தது.

1893: படகு இரண்டாகப் பிளந்தது

ஹெர்ஷெல் பிரபுவின் தலைமையில் லண்டனில் அமைந்த குழு தன் அறிக்கையைக் கொடுத்ததும், 1893ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. அதுவரை யாரும் வெள்ளிக் கட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து ரூபாய் அடித்துக்கொள்ளலாம். அன்று முதல் அது முடியாது. ரூபாயை அருமையாக்கி, 1 ஷில்லிங் 4 பென்ஸ் விலைக்கு உயர்த்த வேண்டும் என்பது அரசாங்கத்தின் நோக்கம். அப்பொழுது இந்திய அரசாங்கத்தின் நிதி உறுப்பினராக இருந்தவர் சர் டேவிட் பார்பர். அவர் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவரை நம் நாட்டு வரலாற்றிலும் சந்திப்போம்.

உத்தரவு வெளியான சில நாட்களுக்குள் லண்டனில் வெள்ளி உலோகம் 38 பென்ஸிலிருந்து 30 பென்ஸ் அளவுக்கு விழுந்தது. சீனம் அவ்வுலோகத்தோடு சேர்ந்து விழுந்தது. ரூபாய் மட்டும் அதோடு விழவில்லை. இரு நாடும் ஒன்றாக அமர்ந்திருந்த படகு இரண்டாகப் பிளந்தது.

அதன் பொருள் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் அமைத்தவை. ஒரு சிப்பம் நூலைச் செய்து கப்பலில் ஏற்ற ஆலைக்கு 145 ரூபாய் செலவாகிறது என்று கொள்வோம். சீனத்தில் அது 70 டாலருக்கு விலை பேசப்படுகிறது. டாலருக்கு 2 ரூபாய் 20 காசு கிடைக்குமானால் கைக்கு வருவது 154 ரூபாய். இலாபம் 9 ரூபாய். சரக்கு கடலைக் கடந்து, கிடங்கில் இருந்து, விற்றுப் பணமாகச் சில மாதங்கள் செல்லும். அதற்குள் டாலர் 2 ரூபாய்க்கு இறங்கிவிட்டால் கைக்கு வருவது 140 ரூபாய். நஷ்டம் 5 ரூபாய். பஞ்சின் விலை மாறவில்லை, நூலின் தரம் குறையவில்லை, தொழிலாளி சோம்பியிருக்கவில்லை. ஆயினும் இலாபம் நஷ்டமாயிற்று. உழைப்புக்கும் திறமைக்கும் தொடர்பே இல்லாத ஒன்று வியாபாரத்தின் தலைவிதியை எழுதிவிட்டது.

அடுத்த முறை டாலர் ஏறவும் கூடுமல்லவா என்று சிலர் கேட்கலாம். ஏறலாம். ஆனால் ஏறுமோ இறங்குமோ என்று அறியாதவன் எப்படித் தொழில் நடத்துவான்? அவன் சரக்கைக் குறைத்துச் செய்வான். நீண்ட ஒப்பந்தங்களுக்கு அஞ்சுவான். புதிய யந்திரம் வாங்கத் தயங்குவான். பெரிய வணிக நிறுவனங்கள் செலாவணி பாங்குகளோடு முன்கூட்டியே விகிதம் பேசி வைத்துக்கொள்ளும். அதற்குரிய கட்டணத்தையும் தாங்கும். சிறிய ஆலைக்கும் புதிதாக வந்தவனுக்கும் அந்த வசதி இல்லை. ஆகவே ஆட்டம் எல்லாரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. எளியவனையே முதலில் தாக்கும்.

1892-93இல் ஏறத்தாழ 19 கோடி ராத்தலாக இருந்த இந்திய நூல் ஏற்றுமதி, 1893-94இல் 13 கோடி ராத்தல் அளவுக்கு வீழ்ந்தது. நூல் தேங்கிய காலங்களில் ஆலைகள் செய்தது என்ன? பம்பாயில் 'பதிலி' என்ற ஒரு முறை இருந்தது. நிலையான வேலையில்லாத ஆட்கள் விடியற்காலையில் ஆலை வாசலில் வந்து நிற்பார்கள். தேவையானால் உள்ளே அழைக்கப்படுவார்கள்; இல்லையானால் திரும்பிப் போவார்கள். நாணயச் சந்தையின் ஆட்டம் கடைசியில் வந்து நின்ற இடம் அந்த வாசல். லண்டனில் அரைப் பென்ஸ் அசைந்தால், இங்கே ஒருவன் வீட்டில் அடுப்பெரியாமல் போயிற்று.

தாதாபாய் நௌரோஜி இந்நடவடிக்கையைக் கண்டித்தார். 1898இல் அமைந்த நாணயக் குழுவுக்கு அவர் அனுப்பிய அறிக்கையில், ரூபாயைச் செயற்கையாக அருமையாக்குவது குடியானவன் மீது மறைமுகமாக வரியை உயர்த்துவதே என்று வாதித்தார். அவன் கட்ட வேண்டிய ரூபாய் எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் ஒரு ரூபாயைப் பெற அவன் முன்னிலும் அதிக விளைச்சலை விற்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஜப்பான் கற்ற பாடம்

நடுநிலை தவறாமல் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பம்பாய் ஆலைகள் 1893உடன் அழிந்துவிடவில்லை. ஏற்றுமதி மீண்டும் ஏறி, 1905-06இல் 30 கோடி ராத்தலை நெருங்கியது. இடையில் 1896இல் தொடங்கிய பிளேக் நோயும், 1900இல் சீனத்தில் நிகழ்ந்த கலகமும் தொழிலைத் தாக்கின. அதன் பின்னரே நிலையான தேய்வு தொடங்கிற்று. ஆகவே எல்லாப் பழியையும் நாணயத்தின் தலையில் சுமத்துவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

அத்தேய்வுக்குப் பெருங்காரணம் ஜப்பான். அந்நாட்டில் ஷிபுசாவா எய்இச்சி என்பவரின் முயற்சியால் நிறுவப்பட்ட ஒசாக்கா நூலாலை 1883இல் ஓடத் தொடங்கியது. ஜப்பானியர் முதலில் பம்பாய் நூலை வாங்கியவர்கள். பிறகு பம்பாயின் பஞ்சை வாங்கித் தாமே நூற்றவர்கள். 1893இல் ஜாம்ஷெட்ஜி டாட்டாவும் நிப்பான் யூசன் கைஷா என்ற ஜப்பானியக் கப்பல் கம்பெனியும் ஒன்றுபட்டுப் பம்பாய்க்கும் ஜப்பானுக்கும் இடையே கப்பல் விட்டபோது, பஞ்சின் கப்பற்கூலி குறைந்தது. ஜப்பானிய அரசாங்கம் 1894இல் நூல் ஏற்றுமதி வரியையும், 1896இல் பஞ்சு இறக்குமதி வரியையும் நீக்கியது. ஜப்பானிய ஆலைகள் பழைய மியூல் யந்திரங்களை விட்டு விரைவாக ஓடும் ரிங் யந்திரங்களுக்கு மாறின. பம்பாயிலோ அம்மாற்றம் மெதுவாகவே நடந்தது.

ஜப்பானின் யென் 1897வரை வெள்ளி உலோகத்தையே பற்றி நின்றது. 1893க்குப் பின் ரூபாய் பிரிந்துபோக, சீனத்தோடு ஒரே படகில் இருக்கும் வாய்ப்பு ஜப்பானுக்குக் கிடைத்தது. நான்கு ஆண்டுகள் அவ்வாய்ப்பை அது நன்கு பயன்படுத்திக்கொண்டது. ஆனால் பாடம் அத்துடன் முடியவில்லை. 1897 அக்டோபரில் ஜப்பானும் பொன் நாணயத்துக்கு மாறி அந்த வசதியைத் தானே கைவிட்டது. நூல் வியாபாரம் படுத்துவிடும் என்று அங்கும் பலர் அஞ்சினர். படுக்கவில்லை. அவ்வாண்டிலேயே ஜப்பானின் நூல் ஏற்றுமதி இறக்குமதியை மிஞ்சியது. முதல் உலகப்போர்க் காலத்துக்குள் சீனச் சந்தையில் அது இந்தியாவை முந்திவிட்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? நாணய விகிதம் தரும் உதவி இரவல் குடை போன்றது. மழை பெய்யும்போது அதன் கீழ் நின்று சொந்த வீட்டைக் கட்டிக்கொள்பவன் பிழைப்பான். குடையே வீடென்று நம்பியவன் அது போனதும் நனைவான். மற்றொன்று, ஜப்பான் தன் நாணயத்தை எப்பொழுது, எப்படி மாற்றுவதென்று தானே முடிவு செய்தது. இந்தியாவின் நாணயமோ லண்டனில் முடிவு செய்யப்பட்டது. இந்த வேறுபாடு சிறியதன்று.

நம் நாட்டில் நிகழ்ந்தது

இனி, 1893இன் விளைவு கடல் கடந்து மலாயாவில் எப்படி எதிரொலித்தது என்று பார்ப்போம். இங்கே அன்று வழங்கியவை மெக்சிக்கோ டாலர், ஹாங்காங் டாலர், ஜப்பானிய யென் முதலிய வெள்ளி நாணயங்கள். ரூபாயும் டாலரும் ஒரே உலோகமாக இருந்தவரை, 100 வெள்ளிக்கு ஏறத்தாழ 220 ரூபாய் கிடைத்தது. ரூபாய் பிரிந்தபின் வெள்ளி தனியே சரிந்தது. 1902இன் இறுதியில் ஒரு வெள்ளி ஏறத்தாழ 19 பென்ஸ். ஒரு ரூபாய் 16 பென்ஸ். அதாவது 100 வெள்ளிக்கு ஏறத்தாழ 119 ரூபாயே கிடைக்கும்.

மாகாண வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்கத்தி பிடித்து நின்ற தமிழன், தஞ்சைக்கோ திருச்சிக்கோ பணம் அனுப்பும்போது இதைக் கண்டான். அவன் உழைப்புக் குறையவில்லை. கூலியும் வெள்ளிக் கணக்கில் குறைக்கப்படவில்லை. ஆயினும் ஊரில் தாய் கையில் சேர்ந்த பணம் பாதியளவுக்குச் சுருங்கிப் போயிற்று. இரங்கூனிலிருந்து வந்த அரிசியும் ரூபாய்க் கணக்கில் விலை பேசப்பட்டமையால், இங்கே சோற்றின் விலையும் ஏறியது. அனுப்புவதும் குறைந்தது, உண்பதும் அருமையாயிற்று.

அதே சமயத்தில் ஈயத் தொழில் செழித்தது. சிங்கப்பூரையடுத்த பிராணித் தீவில் 1890இல் தொடங்கிய உருக்காலையிலிருந்து சுத்த ஈயம் லண்டனுக்குச் சென்றது. விலை பவுனில் வந்தது. கூலி வெள்ளியில் போயிற்று. வெள்ளி இறங்க இறங்கச் சுரங்க முதலாளிக்கு வெள்ளிக் கணக்கில் வரவு பெருகியது. ஒரே சரிவு ஒருவனுக்கு இலாபமாகவும் மற்றொருவனுக்குப் பட்டினியாகவும் அமைந்தது.

ஆயினும், செழித்த வணிகரும் இவ்வாட்டத்தைச் சகிக்கவில்லை. காலையில் ஒரு விகிதம், தந்தி வந்ததும் மற்றொரு விகிதம் என்றால், ஆறு மாதத்துக்குப் பின் கிடைக்கும் பணத்துக்கு இன்று எப்படி உண்டியல் எழுதுவது? வெளிநாட்டு மூலதனமும் வரத் தயங்கிற்று. 1902இல் லண்டனில் ஒரு குழு அமைந்தது. அதன் தலைவர் முன்னே நாம் குறித்த அதே சர் டேவிட் பார்பர். 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி வெள்ளி அடிக்கப்பட்டது. பழைய நாணயங்கள் விலக்கப்பட்டன. 1906 ஜனவரியில் 60 வெள்ளிக்கு 7 பவுன், அதாவது ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. அவ்விகிதம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. ரப்பர்த் தோட்டங்கள் இந்நாட்டில் பெருகிய காலம் அதற்குப் பின்னரே என்பதை நாம் மறக்கலாகாது. ரப்பருக்குக் கிடைத்த உயர்ந்த விலையே முதற்காரணமாயினும், ஏழாண்டு காத்திருந்து பலன் பெறும் மரத்தில் பணம் போடுபவனுக்கு நிலையான நாணயம் துணை செய்தது என்பதில் ஐயமில்லை.

வெள்ளி நிலைத்தும் நம்மவரின் தொல்லை முற்றும் தீரவில்லை. ஏனெனில் அடுத்து ரூபாய் ஆடியது. 1906க்குப் பின் 100 வெள்ளிக்கு 175 ரூபாய் என்ற கணக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் நின்றது. முதல் உலகப்போர் வெள்ளி உலோகத்தை அருமையாக்க, ரூபாய் ஏறிக்கொண்டே போய் 1919 டிசம்பரில் 2 ஷில்லிங் 4 பென்ஸை எட்டியது. அப்பொழுது 100 வெள்ளிக்கு 100 ரூபாயே. அடுத்த பிப்ரவரியில் ரூபாய் அதையும் கடந்து சென்றது. ஓராண்டுக்குள் மீண்டும் குப்புற விழுந்தது. இந்தியாவுக்குச் சரக்கை இறக்குமதி செய்தோர் பலர் அந்த ஓராண்டில் நொடித்துப் போயினர். 1927இல் ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டமாயிற்று. பம்பாய் ஆலை முதலாளிகள் 1 ஷில்லிங் 4 பென்ஸே போதும் என்று வாதாடித் தோற்றனர்.

பழைய கதை, புதிய நாடு

இவை பழங்கதை என்று தள்ளிவிடுதல் தகாது. 1997ஆம் ஆண்டின் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டரை ரிங்கிட் அளவில் இருந்த மலேசிய நாணயம், 1998 ஜனவரியில் 4 ரிங்கிட் 88 காசு வரை சரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அரசாங்கம் 3 ரிங்கிட் 80 காசு என்று கட்டி நிறுத்தியது. 2005 ஜூலைவரை அக்கட்டு நீடித்தது. நாணயம் இத்துணை இறங்கினால் பினாங்கின் மின்னணுத் தொழிற்சாலைகள் கொள்ளை இலாபம் பெற்றிருக்க வேண்டுமே என்று தோன்றும். ஆனால் அவை பூட்டி ஏற்றுமதி செய்யும் பொருளின் உறுப்புகளில் பெரும்பாலானவை டாலருக்கு வாங்கப்பட்டவை. வரவு ஏறியபோது செலவும் ஏறியது. பம்பாய் ஆலைக்கு இங்கிலாந்து யந்திரம் எப்படியோ, அப்படியே இதுவும். மெய்யாகக் குறைந்தது கூலியின் மதிப்பு ஒன்றே. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து உழைத்தவர்கள் அன்று பாங்கு வாசலில் கணக்குப் பார்த்தபோது, நூறாண்டுக்கு முன் நம் பாட்டன் நின்ற இடத்திலேயே நின்றனர்.

தொகுத்துச் சொல்வோம். நாணயம் தாழ்ந்திருப்பதும் உயர்ந்திருப்பதும் தொழிலுக்கு வெவ்வேறு விளைவு தரும். அவற்றைத் திறமையுள்ள நாடு சமாளிக்கும். ஆடிக்கொண்டே இருப்பது அதனினும் கொடிது. அது உழைப்பையும் பலனையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் செய்துவிடுகிறது. வலியவன் அதன் சுமையைத் தன் கீழுள்ளவன் மேல் இறக்கி வைக்கிறான். அவன் தனக்குக் கீழுள்ளவன் மேல் வைக்கிறான். இறுதியில் அது ஆலை வாசலில் நிற்கும் பதிலியின் தலையிலும், தோட்டத்து லயத்தில் வாழ்பவனின் தலையிலும் வந்து அமர்கிறது. அதை இறக்கி வைக்க அவனுக்குக் கீழே யாருமில்லை.

நாணய விகிதம் மழையையும் வெயிலையும் போல் தானே வருவதன்று. மனிதர் கூடிச் செய்யும் முடிவு அது. 1893இலும் 1906இலும் 1927இலும் குழுக்கள் கூடின, பாங்குக்காரர்கள் கேட்கப்பட்டனர், வணிகர்கள் கேட்கப்பட்டனர், கூலி வாங்குபவனின் கணக்கு அந்த மேசையில் இடம்பெறவில்லை. ஆகவே நம் இளைஞர்கள் பத்திரிகையில் நாணய விலைப் பட்டியலைக் காணும்போது, அது செல்வர்க்குரிய பகுதி என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல், தங்கள் வீட்டு அரிசிப் பானையின் அளவு அங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று உணர்ந்து படிக்க வேண்டும். 'வெள்ளி' என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்த வரலாறு நம் நாவில் ஒலிக்கிறது. அதன் பொருளையும் அறிந்து சொல்வோமாக.